பந்தின் சுழற்சியும் சொல்லின் திரிபும்

விளையாட்டுக் களத்திலிருந்து பொதுவழக்கிற்கு வந்து சேர்ந்த சொற்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. அரசியலில் ஒருவர் செய்யும் சூழ்ச்சியைக் ‘காய் நகர்த்துதல்’ என்கிறோம். பிறர் கையில் கருவியாகிப் போனவனைப் ‘பகடைக்காய்’ என்கிறோம். சொல்வோரும் கேட்போரும் அவ்வாட்டங்களை ஆடியறியாதவராயினும் பொருள் விளங்குவதில் இடர்ப்பாடு இல்லை. ஆட்டம் மறைந்த பின்னும் சொல் நின்று பயன்படுகின்றது. ஆயின், அவ்வாறு நிற்கும் சொல் ஆட்டத்திலிருந்து எதனைத் தன்னுடன் கொண்டு வந்தது, எதனை விட்டு வந்தது என்பது தனியே ஆராய்தற்குரியது. பில்லியர்ட்ஸ் என்னும் மேலைநாட்டுக் கோலாட்டத்தில் பந்திற்கு ஏற்றப்படும் சுழற்சியைக் குறிக்கும் சொற்கள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற சான்றுகளாக உள்ளன. ஒரே செயலுக்கு ஆங்கிலேயர் ஒரு பெயரும், அமெரிக்கர் ஒரு பெயரும், பிரெஞ்சுக்காரர் ஒரு பெயரும் இட்டிருக்கின்றனர். அவற்றுள் சில வீதிக்கு வந்து பொருள் விரிந்தன. சில ஆட்டக்கூடத்தைவிட்டு வெளிவரவேயில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

சொல்லை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். துணி போர்த்த மேசைமீது உள்ள பந்தினைக் கோலின் நுனியால் நடுவிடத்தில் தாக்கினால் அது நேரே செல்லும். நடுவிற்கு மேலே தாக்கினால் முன்னோக்கிய உருட்சி மிகும். மற்றொரு பந்தின்மேல் மோதிய பின்னும் அது முன்னேறிச் செல்லும். கீழே தாக்கினால் பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்செல்லும். மோதியவுடன் திரும்பி வரும். இடப்பக்கமோ வலப்பக்கமோ தாக்கினால் பந்து பம்பரம்போல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஓடும். இப்பக்கச் சுழற்சியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. செல்லும் வழியில் அதன் விளைவு பெரும்பாலும் தோன்றுவதில்லை. காண்பவர்க்குப் பந்து நேரே செல்வது போலவே தோன்றும். மேசையின் ஓரத்திலுள்ள ரப்பர்த் திண்டில் முட்டிய பிறகே சுழற்சி தன் வேலையைக் காட்டும். இடப்பக்கம் தாக்கப்பட்ட பந்து திண்டில் நேரே முட்டினும் இடப்புறமாக விலகித் திரும்பும். தாக்கிய கணத்தில் மறைந்து நின்றது பின்னர் ஓரிடத்தில் வெளிப்படுகிறது. கோல்நுனி பந்தைத் தொட்டிருக்கும் காலமோ ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின் ஆடுவோன் செய்யக்கூடியது யாதுமில்லை. இவ்விரு செய்திகளும் பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதவை.

இச்சுழற்சி ஆட்டம் தோன்றிய நாளிலேயே இருந்ததன்று. பில்லியர்ட்ஸ் ஐரோப்பிய அரண்மனைகளில் 15-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் எகிப்திய அரசி கிளியோபாத்திராவை இவ்வாட்டத்திற்கு அழைப்பு விடுப்பவளாகக் காட்டுகிறார். காலவழு எனினும் அவர் காலத்து மக்களுக்கு ஆட்டம் தெரிந்திருந்தமைக்கு அது சான்று. அந்நாளில் பந்தைத் தள்ளியது தலை பருத்த தண்டு ஒன்றேயாம். மேசையின் ஓரத்தையொட்டி நின்ற பந்தைப் பருத்த தலையால் தள்ள இயலாதபோது தண்டைத் திருப்பி அதன் வால்முனையால் தாக்கினர். வால் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே ‘க்யூ’ என ஆங்கிலத்தில் கோலுக்குப் பெயராயிற்று. வெறும் மரமுனை வழுக்குமாதலின், நடுவிடம் தவிர்த்து வேறெங்கும் தாக்க முடியாது. அம்முனைக்குத் தோல் ஒட்டும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்குரியவராகக் கூறப்படுபவர் பிரெஞ்சுக் காலாட்படையைச் சார்ந்த மிங்கோ என்பவர். அவர் எழுதிய ஆட்டநூல் 1827-இல் பாரிசில் வெளிவந்தது. 1830-இல் லண்டனில் மேசை செய்து விற்ற தர்ஸ்டன் அதன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். மிங்கோ சிறையிலிருந்தபோது இதனைக் கண்டறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. அச்சிறை பாஸ்டில் என்று சொல்வாருமுளர். பாஸ்டில் 1789-இல் தகர்க்கப்பட்டது. கண்டுபிடிப்போ 1807-ஆம் ஆண்டையொட்டிக் கூறப்படுகின்றது. இல்லாத சிறையில் ஒருவரை இருத்திவைத்துக் கதை சொல்லுதல் ஆட்டநூலார்க்கு மட்டும் உரிய குற்றமன்று. நம் புலவர் வரலாறுகளிலும் இத்தகையன பல உள.

தோல் நுனியோடு சுண்ணப்பொடியும் சேர்ந்தபோது கோல் பந்தைப் பற்றத் தொடங்கியது. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஆட்டக்கூடமொன்றில் புள்ளி குறிக்கும் பணியிலிருந்த ஜாக் கார் என்பவர் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்கச் சுழற்சியில் பெரும்பெயர் பெற்றார். அக்கூடத்தின் உரிமையாளர் பார்ட்லி என்பவரே இதனை முதலிற் கண்டு அவர்க்குக் கற்பித்தார் என்பர். கார் தம் திறமையெல்லாம் ஒரு பொடியில் உள்ளதெனக் கூறி, அப்பொடியைச் சிறு சிமிழ்களில் அடைத்து, சிமிழொன்று அரை க்ரவுன் விலைக்கு விற்றார் என்பதும், பொடி வெறுஞ் சுண்ணமே என்பதும் பழைய ஆட்டநூல்கள் சுவைபடக் கூறும் செய்தி. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என முற்றிலும் சொல்லிவிடவும் இயலாது. சுண்ணம் பூசாத கோலால் சுழற்சி ஏற்ற முடியாதாகலின், பொடி உண்மையிலேயே வேலை செய்தது!

1835-இல் பாரிசில் கொரியோலிஸ் என்னும் கணித அறிஞர் இவ்வாட்டத்தின் இயக்கவியலை ஒரு நூலாகவே இயற்றினார். புவிச்சுழற்சியால் காற்றும் நீரும் விலகிச் செல்வதை விளக்குவதற்கு இன்று எல்லோரும் எடுத்தாளும் அவருடைய கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நமக்கு வேண்டுவது அவருடைய கணக்கன்று. அவர் நூலின் தலைப்பில் உள்ள ஒரு சொல். பந்தின் சுழற்சியை அவர் ‘எஃபே’ என்னும் பெயராற் குறிக்கிறார். விளைவு என்பது அதன் பொருள்.

இனிப் பெயர்களை ஒப்புநோக்குவோம். பக்கச் சுழற்சியைப் பிரெஞ்சுக்காரர் ‘எஃபே’ என்றனர். ஆங்கிலேயர் ‘சைடு’, அதாவது பக்கம் என்றனர். அமெரிக்கர் ‘இங்கிலீஷ்’ என்றனர். பந்து ஒன்று, சுழற்சி ஒன்று, பெயரிடும் மனம் மட்டும் மூவகையாகச் சென்றிருக்கிறது. நன்னூலார் வகுத்த ஆகுபெயர் முறை இங்கு நமக்குப் பெரிதும் உதவுகின்றது. சுழற்சியாகிய காரணத்திற்கு விளைவாகிய காரியத்தின் பெயரை இட்டமையால் பிரெஞ்சுப் பெயர் காரியவாகுபெயர். கோல் படும் இடத்தின் பெயர் அதனால் எழும் சுழற்சிக்கு ஆகியமையால் ஆங்கிலப் பெயர் இடவாகுபெயர். பக்கம் என்பது பந்தின் உறுப்பாகலின் சினையாகுபெயர் எனலாகாதோ என வினவலாம். பந்திற்கு இயல்பாகப் பக்கம் என ஓர் உறுப்பில்லை; ஆடுவோன் நிற்கும் நிலையைக்கொண்டே இடம் வலம் என்பன அமைகின்றன. ஆதலின் இடவாகுபெயர் என்பதே பொருந்தும். அமெரிக்கப் பெயரோ செய்தாரின் பெயர் செய்பொருளுக்கு ஆகிவந்தது; ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்பதுபோன்ற கருத்தாவாகுபெயர். கோலைச் செங்குத்தாக நிறுத்திப் பந்தை வளைந்தோடச் செய்யும் தாக்குதலை ‘மாஸே’ என்பர். பழைய தண்டின் பெயரடியாகப் பிறந்த அது கருவியாகுபெயரின்பாற்படும். பின்சுழற்சியை ஆங்கிலேயர் ‘ஸ்க்ரூ’ என்பது திருகாணியோடு ஒப்புமை பற்றியது. ஆகுபெயர்ப் பாகுபாடு தமிழுக்கு மட்டும் உரியதென எண்ணி, மனப்பாடத்திற்குரிய ஒன்றாக அதனை ஒதுக்கும் மாணவர்க்கு இவ்வொரு மேசையைக் காட்டினாற் போதும் என்பது என் கருத்து.

இப்பாகுபாடு வெறும் பெயர்ப்பட்டியலாக நில்லாமல் ஒரு வரலாற்று வினாவிற்கும் விடை தருகின்றது. ‘எஃபே’ பிரெஞ்சுமொழியில் நாள்தோறும் வழங்கும் பொதுச்சொல். பொதுவழக்கிலிருந்து அது ஆட்டத்திற்குள் சென்றது; ஆட்டத்திலிருந்து புதுப்பொருள் ஏந்தி வெளியே வர அதற்கு வழியில்லை. விளைவு என்னும் பெரும்பொருள் முன்னரே வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. செருமானியர் அச்சொல்லைக் கடன்பெற்றபோது நேர்ந்தது இதனை உறுதிப்படுத்தும். பொதுவான விளைவுக்கு ‘எஃபெக்ட்’ என்னும் சொல் அவர்களிடம் உண்டு; ஆகவே ‘எஃபே’ என்னும் பிரெஞ்சு ஒலிவடிவத்தைப் பந்தின் சுழற்சிக்கே ஒதுக்கிவைத்தனர். கால்பந்தும் டென்னிஸும் வந்தபோது அவற்றிற்கும் அது பரவியது. பந்தைவிட்டு அப்பால் செல்லவில்லை. ‘சைடு’, ‘இங்கிலீஷ்’ ஆகிய இரண்டோ வேறு இயல்பின. பக்கம் என்றும் ஆங்கிலம் என்றும் பொருள்படும் சொற்கள் சுழற்சியைக் குறிப்பதற்கு வெளிப்படையான காரணம் எதுவும் கேட்போர்க்குத் தோன்றாது. காரணம் தோன்றாத சொல் வியப்பைத் தரும். வியப்பைத் தருவது உவமைக்கு எளிதிற் பயன்படும்.

‘இங்கிலீஷ்’ என்னும் வழக்கு 1860-களில் அமெரிக்காவில் வேரூன்றியிருந்தது. 1869-இல் வெளிவந்த ‘இன்னசென்ட்ஸ் அப்ராட்’ என்னும் பயண நூலில் மார்க் ட்வெய்ன், பாரிசில் தாம் ஆடிய பில்லியர்ட்ஸை எள்ளி நகையாடுகிறார். கோல்கள் வளைந்து கிடந்தமையால், அவ்வளைவையும் கணக்கிட்டு ஆடாவிடில் ‘இங்கிலீஷ்’ தவறான பக்கத்திற் போய் அமைந்துவிடும் என்பது அவர் முறையீடு. அவர் அச்சொல்லுக்கு விளக்கம் ஏதும் தரவில்லை. தம் வாசகர் அறிவர் என்பதே அவர் எண்ணம். இவ்விடத்தைத் தமிழாக்குவோர் ‘ஆங்கிலம்’ என்று பெயர்த்துவிட்டால் பொருளும் நகையும் ஒருங்கே கெடும்.

பெயர்க்காரணம் பற்றி இரு கருத்துகள் வழங்குகின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டக்காரர் இதனை அமெரிக்கர்க்குக் காட்டினர். ஆகவே அப்பெயர் வந்தது என்பது ஒன்று. கோணப்பட்டது என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு ஒலியொப்புமையால் மயங்கியது என்பது மற்றொன்று. பின்னது அறிவுக்கூர்மை உடையதாகத் தோன்றினும் ஏற்றுக்கொள்ளத்தக்கதன்று. பிரெஞ்சு ஆட்டக்காரர் வாயில் பெருவழக்காயிருந்தது ‘எஃபே’. கடன் கொடுத்தவரிடம் இப்பொருளில் வழங்காத சொல்லை வாங்கியவர் எங்ஙனம் பெற்றனர்? இவ்வினாவிற்கு விடையில்லை. முதற்கருத்திற்குப் பாத் நகரச் செய்தி அரண் செய்கிறது.

எனினும் இங்கு ஒரு தடை எழுப்பிக்கொள்ளுதல் நன்று. வந்த நாட்டைக்கொண்டு பொருளுக்குப் பெயரிடுதல் பெறுவோர் வழக்கமேயன்றித் தருவோர் வழக்கமன்று. பறங்கிக்காயை எந்தப் பறங்கியரும் பறங்கிக்காய் என்றதில்லை. இங்கிலாந்திலும் எவரும் சுழற்சியை ‘இங்கிலீஷ்’ என்றதில்லை. பெறுவோர் அறிந்த அளவே பெயரில் நிற்கும். அமெரிக்கக் கண்டத்து மரம் ஒன்று நம்மூரில் சீமைக்கருவேலம் ஆயிற்று. ஆதலின், ‘இங்கிலீஷ்’ என்னும் பெயரால் நாம் உறுதியாக அறிவது, அமெரிக்கர் அதனை ஆங்கிலேயரது என எண்ணினர் என்பது மட்டுமே. எண்ணம் உண்மையா என்பதற்குச் சொல் சான்றாகாது. வேறு சான்று வேண்டும். பாத் நகரச் செய்தி அத்தகைய சான்று என்பதனாலேயே அதனை ஏற்கின்றோம்.

‘சைடு’ என்பதன் பிற்கால வரலாறு இன்னும் நுட்பமானது. 1870-களின் பிற்பகுதி தொட்டு, ஆங்கிலப் பேச்சுவழக்கில் அது செருக்கு, பகட்டு என்னும் பொருளில் வழங்கியது. ‘சைடு போட்டுக்கொள்கிறான்’ என்றால் தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்கிறான் என்பது பொருள். ‘அவரிடம் சைடு கிடையாது’ என்றால் உயர்ந்த நிலையிலிருந்தும் எளிமையாகப் பழகுபவர் என்பது பொருள். பந்திற்குச் சுழற்சி ஏற்றுவதற்கும் இதே வினைத்தொடரையே ஆளுதலால், பகட்டுப்பொருள் ஆட்டத்திலிருந்து பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். நேரே செல்லவேண்டிய பந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு செல்வதும், நேரே நடக்கவேண்டிய மனிதன் தன்னைப்பற்றிய நினைவோடு நடப்பதும் ஒப்புமை உடையனவே. ஆயின், நீண்டு தாழ்ந்த ஆடையைக் குறித்த ‘சைடு’ என்னும் பழைய அடைமொழியும் ஆங்கிலத்தில் இருந்தது. வட்டார வழக்கில் அதற்குச் செருக்குடைய என்னும் பொருளும் உண்டு. பகட்டுப்பொருள் அதன் வழிவந்ததே என்பாரும் உளர். காலத்தை நோக்கினால் ஆட்டவழிக் கருத்திற்கு வலிவு மிகுதி. பில்லியர்ட்ஸ் நகர மாந்தரிடையே பெருகிய காலமும் பகட்டுப்பொருள் அச்சேறிய காலமும் அணுகி நிற்கின்றன. பழைய அடைமொழி பொருளைத் தந்திருக்கவும், ஆட்டம் தொடரமைப்பைத் தந்திருக்கவும் கூடும். இரண்டில் ஒன்றைத் தள்ளியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் சொல்லாராய்ச்சியில் இல்லை.

இத்தகைய இடங்களில் நாம் எவ்வளவு எளிதில் வழுக்கி விழக்கூடும் என்பதற்கு நம் மொழியிலிருந்தே ஒன்று காட்டலாம். இன்றைய பேச்சுத்தமிழில் பகட்டைப் ‘பந்தா’ என்கின்றனர். ‘சைடு’ பந்திலிருந்து பிறந்ததாயின், ‘பந்தா’வும் பந்திலிருந்து பிறந்ததே என ஒருவர் நாளை எழுதக்கூடும். ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, அயல்மொழி ஒப்புமையும் கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றே: அச்சொல் பந்தோடு சேர்ந்து வழங்கிய ஓரிடமேனும் வேண்டும். அஃது இல்லாதவரை அக்கருத்து ஒரு விடுகதையேயன்றி ஆராய்ச்சியன்று.

அமெரிக்க வழக்கில் ‘இங்கிலீஷ்’ இரு கிளைகளாகப் பிரிந்தது. பந்து எதுவாயினும் அதற்கு ஏற்றப்படும் சுழற்சிக்கு அது பொதுப்பெயராயிற்று. பின்னர், சொல்லும் செய்திக்கு நேர்பொருளோடு ஏற்றப்படும் ஒரு சாய்வையும் குறித்தது. இக்கிளையைவிட மற்றதே நம் கருத்தைக் கவர்வது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாடி இங்கிலீஷ்’ என்றொரு தொடர் அங்கே தோன்றியது. பந்தை உருட்டிவிட்ட பின், அது விலகிச் செல்வதைக் கண்ட ஆட்டக்காரன் அதனைத் தன் வழிக்குக் கொணர விரும்பித் தன் தோளைச் சாய்க்கிறான், இடுப்பை வளைக்கிறான், ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மெய்ப்பாட்டிற்குப் பெயர் ‘பாடி இங்கிலீஷ்’, உடலால் ஏற்றும் சுழற்சி. கோல் பந்தைத் தொடும் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என முன்னர்க் கூறினோம். உண்மையான ‘இங்கிலீஷ்’ அக்காலத்திற்குள் ஏற்றப்பட்டு முடிந்துவிடும். உடலால் ஏற்றுவதோ அதற்குப் பின்னர், பயன் ஏதுமில்லாத காலத்தில் நிகழ்வது. தலைச்சொல் தன் பொருளையே இழந்து எதிர்மறையாகும் இத்தகைய அடையடுத்த பெயர் அரிது. நகைச்சுவையுணர்வோடு பிறந்த தொடர் என்பதில் ஐயமில்லை.

இம்மெய்ப்பாடு நம் தெருக்களிலும் உண்டு. கோலிக்குண்டு ஆடும் சிறுவன் குண்டு குழியைத் தப்பிப் போகும்போது தானும் சாய்ந்துகொண்டு போவதை யார் காணாதவர்? ஆயினும் இதற்கென ஒரு சொல் தமிழில் எனக்குக் கிட்டவில்லை. மெய்ப்பாடுகளை அத்துணை நுட்பமாக வகுத்த தொல்காப்பியரின் மொழியில் இதற்கு ஒரு பெயர் அமையாதிருப்பது குறையன்று. மொழி எல்லாவற்றுக்கும் பெயரிட வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்போர் ‘உடல்மொழி’ என இதனை மயக்கிவிடாமல், செயலையே விரித்துக் கூறுதல் தக்கது.

இங்கே பலரும் வழுக்குகின்ற ஒரு சொல்லைப் பார்த்தல் வேண்டும். அது ‘ஸ்பின்’. செய்தியைத் தமக்கு ஏற்றவாறு சாய்த்துக் கூறுவதைக் குறிக்கும் இச்சொல் அமெரிக்க அரசியலில் 20-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்தில் பெருவழக்குற்றது. 1984 அக்டோபரில், ரீகன், மான்டேல் ஆகிய இருவரின் தேர்தல் விவாதத்தையொட்டி, நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் ‘ஸ்பின் டாக்டர்’ என்னும் தொடரை ஆண்டது. அச்சில் அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அஃது ஒன்று. இது பில்லியர்ட்ஸிலிருந்து வந்தது எனத் துணிவார் உளர். பொருத்தம் இல்லாமலில்லை: நேரே செல்வதுபோலத் தோன்றி, முட்டிய இடத்தில் விலகும் பந்தைப் போன்றதே சாய்த்துக் கூறப்பட்ட செய்தி. ஆயினும் அந்நாட்டில் பெருந்திரள் மக்கள் அறிந்த சுழற்பந்து பேஸ்பாலில் எறியப்படுவது. பில்லியர்ட்ஸ் ஆடுவோரோ அதனைக் குறிக்க ‘இங்கிலீஷ்’ என்னும் தனிச்சொல்லைக் கையில் வைத்திருந்தனர். மேலும், ‘ஸ்பின்’ நூல் நூற்றலைக் குறித்த பழஞ்சொல். கதை கட்டுதலை நூல் நூற்றலாகக் கூறும் வழக்கு ஆங்கில மாலுமிகளிடம் முன்னரே இருந்தது. ஆகவே, இச்சொல்லைப் பில்லியர்ட்ஸின் கணக்கில் வரவு வைத்தல் இயலாது.

தமிழ் இதில் தனக்கென ஒரு வழி கண்டிருக்கிறது. ‘திரித்துக் கூறுதல்’ என்கிறோம். பேச்சில் ‘கயிறு திரித்தல்’ என்கிறோம். நாரையும் பஞ்சையும் முறுக்கிக் கயிறாக்கும் தொழிலிலிருந்து வந்தது இது. ‘திரிபு’ என இலக்கணத்தில் ஆளும் சொல்லும் இவ்வடியிற் பிறந்ததே. பந்தின் துணை நமக்கு வேண்டியிருக்கவில்லை. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. கயிறு திரிப்பவன் இல்லாததை முறுக்கி உண்டாக்குகின்றான். சுழற்சி ஏற்றுபவன் உள்ளதை அப்படியே விட்டு, அது சென்று சேரும் திசையை மட்டும் மாற்றுகின்றான். ‘ஸ்பின்’ என்பதற்குத் ‘திரித்துக் கூறுதல்’ என்பதே இன்று செய்தித்தாள்களில் பயிலும் பெயர்ப்பு. பொய் கலவாத, ஆனால் சாய்வுடைய கூற்றை அது குறிக்கமாட்டாது. ‘சாய்த்துக் கூறுதல்’ என்றால் ஒருவாறு பொருந்தும்.

திண்டைப் பற்றிய வழக்குகள் சில உள. சுருங்கக் கூறி அமைவோம். திண்டின் வழியாக என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர், ஒரு செய்தி நேரே வராமல் பிறர்வழி வந்ததைக் குறிக்கின்றது. செருமானியத் தொடர், நேரே கேளாமல் சுற்றுவழியில் ஒன்றை முடித்துக்கொள்வதைக் குறிக்கின்றது. ஒரு பந்து இரு பந்துகளில் மோதுவதைக் குறித்த ‘காரம்போலா’ என்னும் ஸ்பானியச் சொல், தற்செயலாய்க் கிட்டிய பேற்றையும் குறிக்கும். ஆங்கிலத்தில் எதிர்பாரா நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃப்ளூக்’ என்பதும் 1850-களில் பில்லியர்ட்ஸ் மேசையிலேயே முதலில் காணப்படுகிறது. ‘காரம்போலா’வின் வழிவந்த சொல்லே நம் வீட்டுக் கேரம் பலகையின் பெயர். தமரத்தை என நாம் வழங்கும் பழத்திற்கும் போர்ச்சுகீசிய மொழியில் ‘காரம்போலா’ என்பதே பெயர். மராத்தியின் வழியாக அது சென்றது என்பர். பழத்தின் பெயரே பந்தாட்டத்திற்கு ஆயிற்று என்பது கவர்ச்சியுள்ள கருத்து. மேலே ‘பந்தா’வுக்குக் கேட்ட சான்றை இதற்கும் கேட்டல் முறையாகலின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை.

தமிழ்நாட்டு மண்ணோடு நேரே தொடர்புடைய சொல் ஒன்று உண்டு. 1875-இல் ஜபல்பூரில் இருந்த டெவன்ஷயர்ப் படைப்பிரிவின் இளம் அதிகாரி நெவில் சேம்பர்லின் (பின்னாளில் பிரதமரானவர் வேறொருவர்) மழைக்காலத்துப் பொழுதுபோக்காகப் பல நிறப்பந்துகளைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டத்தை அமைத்தார். ஊல்விச் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவனை ஏளனமாக ‘ஸ்நூக்கர்’ என்பர். எளிய பந்தொன்றைத் தவறவிட்ட தோழரைச் சேம்பர்லின் அப்பெயரால் அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. பின்னர் அவர் சென்னைப் படையின் தலைவராக 1881 முதல் 1885 வரை இருந்த ராபர்ட்ஸின் பரிவாரத்தில் உதகைக்கு வந்தார். உதகமண்டலம் கிளப்பில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பெற்றன. ஆளின் பெயர் ஆட்டத்திற்கு ஆயிற்று. பின்பு, அடிக்கவேண்டிய பந்து மற்றொன்றால் மறைக்கப்பட்ட நிலைக்கு ஆயிற்று. அதன்பின், வழியடைபட்டு நிற்கும் எவருடைய நிலைக்கும் வினைச்சொல்லாயிற்று. இருமடியாகுபெயர், மும்மடியாகுபெயர் என உரைகாரர் காட்டும் முறையில் இஃது ஏறிச் சென்றது தெளிவு.

இதற்குரிய சான்று, 1938-இல் ‘தி ஃபீல்டு’ இதழுக்குச் சேம்பர்லின் எழுதிய கடிதம். நிகழ்ந்தது 1875, எழுதியது 63 ஆண்டுகள் கழித்து. முதியவரின் நினைவு என அதனை ஐயுறலாம். எனினும், பாஸ்டில் கதையைப்போல இது யாரோ சொன்னதன்று. பெயரிட்டவரே தந்த வாக்குமூலம். அதற்கு மாறான சான்று வெளிப்படும்வரை அதனையே கொள்ளுதல் தகும். உதகையில் விதி பெற்ற அச்சொல் இங்கிலாந்து சென்று அந்நாட்டார் பேச்சில் கலந்தது. மலையின் கீழே வழங்கும் தமிழில் அது ஆட்டத்தின் பெயராக மட்டுமே நின்றுவிட்டது. வழியடைபட்டவனை நாம் இன்றும் ‘முட்டுச்சந்தில் நிற்கிறான்’ என்றே சொல்கிறோம்.